உங்களுக்குத் தெரியுமா? சலீமும் அனார்கலியும் சனங்களும்

நம் மும்பை வடாலாவின் பெயரை சினிமாவோடு சேர்த்துச் சொன்னால் பலருக்கும் 2013-ல் வந்த துப்பாக்கிச் சண்டைப் படம்தான் நினைவுக்கு வரும். அதை விட்டுவிடுவோம். இந்த வாரம் எடுத்துக்கொண்டது பழங்காலத்தில் நடக்கும் காதல் கதைகளை. அரண்மனை, ஜமீன் மாளிகை, பட்டாளத்து முகாம் என்று எங்கே நடந்தாலும் இந்தப் படங்களுக்கு இரண்டு நீதிமன்றங்கள் உண்டு. ஒன்று பத்திரிகை விமர்சனம், மற்றொன்று டிக்கெட் வரிசை. இரண்டும் ஒரே தீர்ப்பைச் சொன்ன நாட்கள் மிகக் குறைவு. முதல் வாரத் தீர்ப்பு கடைசிவரை நின்றது அதைவிடக் குறைவு.

● பாதுஷா அக்பர் நமக்கு அடுத்த பேட்டைக்காரர், தெரியுமா?

இளவரசன் சலீமும் நடனக்காரி அனார்கலியும் காதலிக்கும் 'முகல்-ஏ-ஆஸம்' படத்தில் அக்பராக இடி முழங்கிய பிருத்விராஜ் கபூர் வடாலாவை அடுத்த மாட்டுங்காவில் குடியிருந்தவர். சினிமாக்காரர்கள் நிறையப் பேர் அடுத்தடுத்து வசித்ததால் அந்தத் தெருவை 'ஹாலிவுட் சந்து' என்றே சொன்னார்கள். ராஜ் கபூர், ஷம்மி கபூர், சசி கபூர் மூவரும் வளர்ந்த இடம் அது. பிறகு ராஜ் கபூர் 1948-ல் செம்பூரில் ஆர்.கே. ஸ்டூடியோவைக் கட்டினார். அதே மாட்டுங்காவில் கே.எல். சைகலும் வாழ்ந்தார். 1935-ல் இந்தி 'தேவதாஸ்' ஆக வந்து நாட்டையே அழ வைத்த சைகல், அதையடுத்து வந்த தமிழ் 'தேவதாஸ்' படத்துக்காகத் தமிழிலும் பாடினார். வடாலாவிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் ஒரு தேவதாஸும் ஒரு அக்பரும்!

● ஒரு டிக்கெட்டுக்காக நான்கைந்து நாள் நடைபாதையிலேயே குடியிருந்தார்கள், தெரியுமா?

1960 ஆகஸ்ட் 5, 'முகல்-ஏ-ஆஸம்' வெளியான நாள். பம்பாய் சென்ட்ரல் பக்கத்தில் அப்போது புத்தம் புதிதாக இருந்த மராட்டா மந்திர் தியேட்டர். உள்ளே 1,100 பேர்தான் உட்கார முடியும். முன்பதிவு தொடங்குவதற்கு முந்தின நாளே வெளியே ஒரு லட்சம் பேர் கூடிவிட்டதாகச் செய்தி. வரிசையில் நின்றவர்கள் நான்கைந்து நாள் இடத்தை விட்டு நகரவில்லை. வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. தள்ளுமுள்ளு முற்றி போலீஸ் தலையிட வேண்டியதாயிற்று. மூன்று வாரத்துக்கு முன்பதிவையே நிறுத்தி வைத்தார்கள்.

வழக்கமான டிக்கெட் ஒன்றரை ரூபாய். இந்தப் படத்துக்கு 100 ரூபாய் டிக்கெட்டும் விற்றது! படத்தின் புகைப்படங்களும் குறிப்புகளும் அச்சடித்த சிறு மடல் அது. வைத்திருப்பவர்கள் இன்று அதைப் பொக்கிஷமாகக் காக்கிறார்கள். அழைப்பிதழ்கள் அரசாணை போலச் சுருளாக, உருதுவில் எழுதி அனுப்பப்பட்டன. படப்பெட்டிகள் அலங்கரித்த யானை மேல் வந்தன, ஷெனாய் முழங்க. தியேட்டர் முகப்பில் 40 அடி உயரத்துக்குப் பிருத்விராஜின் கட்-அவுட். படத்தில் வரும் கண்ணாடி மாளிகை செட்டையே பெயர்த்துக் கொண்டுவந்து தியேட்டரில் நிறுத்தி, டிக்கெட் வாங்கியவர்களை உள்ளே நடந்துபோகவிட்டார்கள். கட்-அவுட் கலாச்சாரத்துக்குத் தமிழர்தான் காப்புரிமைக்காரர் என்று நாம் பெருமை பேசுவோம். பம்பாயில் 1960-லேயே ஒரு பாதுஷா 40 அடிக்கு நின்றிருக்கிறார்.

அந்த மாலையில் ஒரே ஒரு குறை. சலீமாக நடித்த திலீப் குமார் வரவில்லை. அவருடைய தங்கை அக்தரை இயக்குநர் கே. ஆஸிப் மணந்துகொண்டதில் இருவருக்கும் மனக்கசப்பு. நாயகன் இல்லாமலே முதல் காட்சி நடந்தது.

● அனார்கலி கதையை அவசரமாக எடுத்து முந்திக்கொண்டார்கள், தெரியுமா?

ஆஸிப் இந்தப் படத்தை 1940-களின் நடுவிலேயே தொடங்கிவிட்டார். அப்போது அனார்கலி நர்கிஸ், அக்பர் சந்திரமோகன். பணம் போட்டவர் பிரிவினையில் பாகிஸ்தான் போனார். சந்திரமோகன் 1949-ல் இறந்தார். ஷாபூர்ஜி பல்லோன்ஜி பணத்தோடு வந்து, மதுபாலாவும் திலீப் குமாரும் சேர்ந்து, 1950-களில் மறுபடி வேலை தொடங்கியது. அதற்குள் 1953-ல் பீனா ராய் நடித்த 'அனார்கலி' வெளியாகி அந்த ஆண்டின் பெரிய வெற்றிப்படங்களில் ஒன்றாகிவிட்டது. ஒரே கதையை ஏழு வருஷம் கழித்து யார் பார்ப்பார்கள் என்று நியாயமாகவே கேட்டிருப்பார்கள். பார்த்தார்கள். மராட்டா மந்திரில் மூன்று வருஷம் ஓடியது. 1975-ல் 'ஷோலே' வரும்வரை இந்தியப் படங்களில் வசூலில் அதை யாரும் தொடவில்லை.

● ஒரு அனார்கலியை இன்னொரு அனார்கலி தோற்கடித்தார், தெரியுமா?

1961 ஃபிலிம்ஃபேர் விருதுகள். 'முகல்-ஏ-ஆஸம்' சிறந்த படம், ஒளிப்பதிவு, வசனம் என்ற மூன்றை வாங்கியது. சிறந்த நடிகை விருது மதுபாலாவுக்கு இல்லை. வாங்கியவர் பீனா ராய், 'கூங்கட்' படத்துக்காக. 1953-ன் அதே அனார்கலி! சிறந்த நடிகர் திலீப் குமார்தான். ஆனால் சலீமுக்காக இல்லை, 'கோஹினூர்' படத்துக்காக. இசை விருது ஷங்கர்-ஜெய்கிஷனுக்குப் போனது. படத்துக்கு இசையமைத்த நௌஷாத் வெறுங்கையோடு நின்றார்.

மதுபாலாவுக்கு இழைத்த அநீதி இது என்றே நான் நினைக்கிறேன். இதயத்தில் ஓட்டையோடு, கனத்த இரும்புச் சங்கிலிகளை உண்மையாகவே சுமந்து நடித்த வேடம் அது. 1969-ல், 36 வயதில் அவர் காலமானார். இன்று அனார்கலி என்றால் எவர் கண்ணிலும் வருவது அவர் முகம் ஒன்றுதான்.

● தமிழில் இதே படம் படுத்துவிட்டது, தெரியுமா?

ஆஸிபின் கனவு மூன்று மொழிக் கனவு. இந்தி, தமிழ், ஆங்கிலம் மூன்றுக்கும் சேர்த்து நடிகர்களை ஒரே காட்சியில் மூன்று முறை நடிக்கவைத்தார். கடைசியில் தமிழுக்கு மொழிமாற்றம் செய்து 1961-ல் 'அக்பர்' என்று விட்டார்கள். பாட்டுகளைக் கம்பதாசன் எழுதினார், பி. சுசீலா பாடினார். பாட்டுகள் பிழைத்தன, படம் பிழைக்கவில்லை. அந்தத் தோல்வியைப் பார்த்துத்தான் ஆங்கிலத் திட்டத்தையே கைவிட்டார்கள்.

ஏன் தோற்றது? என் கணிப்பு இது. இந்தப் படத்தின் உயிர் உருது வசனத்தில் இருக்கிறது. அமான், வஜாஹத் மிர்ஸா, கமால் அம்ரோஹி, எஹ்ஸான் ரிஸ்வி என்று நான்கு பேர் உட்கார்ந்து செதுக்கிய வசனம். அப்பனும் மகனும் பேச்சிலேயே வாள் வீசிக்கொள்வார்கள். அதை வாயசைப்புக்கு ஏற்ப வெட்டி ஒட்டினால் வாள் மழுங்காமல் என்ன செய்யும்? இன்னொன்று, தமிழ்க் காது அப்போது எப்படிப்பட்ட காது? 1954-ல் 'இல்லற ஜோதி' படத்தின் நடுவே ஓர் அனார்கலி நாடகம் வரும். சலீம் சிவாஜி கணேசன், அனார்கலி பத்மினி, வசனம் கலைஞர் மு. கருணாநிதி. அடுத்த வருஷம் அஞ்சலி தேவியும் நாகேஸ்வர ராவும் நடித்த தெலுங்கு 'அனார்கலி'யும் தமிழ் பேசி வந்துவிட்டது. சிவாஜியின் தொண்டையில் சலீமைக் கேட்டுவிட்ட சனங்களிடம், உதடு ஒரு பக்கமும் குரல் ஒரு பக்கமுமாக ஒரு சலீமைக் கொண்டுபோனால் எடுபடுமா? பம்பாயில் வாழ்ந்த தமிழனுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. தெருவிலும் மில்லிலும் கேட்டுப் பழகிய மொழி. மூலத்தையே பார்க்கலாம்.

● அனார்கலி என்று ஒருத்தி வாழ்ந்ததற்கு அக்பர் காலத்து அவைக்குறிப்பு எதிலும் சான்று இல்லை, தெரியுமா?

வரலாற்று ஆசிரியர்கள் அன்றிலிருந்து இன்றுவரை இந்தக் குறையைச் சொல்கிறார்கள். படம் பின்பற்றியது 1922-ல் இம்தியாஸ் அலி தாஜ் எழுதிய நாடகத்தை. சலீம் அக்பருக்கு ஒரே மகனும் இல்லை. விமர்சகர்கள் சொல்வது சரி. சனங்கள் அழுததும் சரி. இரண்டுக்கும் நடுவில் நான் பஞ்சாயத்து பண்ண மாட்டேன்.

● கறுப்பு வெள்ளை பாதுஷாவுக்கு 44 வருஷம் கழித்து வண்ணம் பூசினார்கள், தெரியுமா?

கண்ணாடி மாளிகைப் பாட்டும் முடிவுப் பகுதியும் முதலிலேயே வண்ணத்தில் எடுத்தவை. அதைப் பார்த்த ஆஸிப், மொத்தப் படத்தையும் வண்ணத்தில் திரும்ப எடுக்க ஆசைப்பட்டார். விநியோகஸ்தர்கள் பொறுக்கவில்லை. பிறகு 2004 நவம்பர் 12 அன்று கணினியில் முழுக்க வண்ணம் ஏற்றிய பதிப்பு வெளிவந்தது. அதே நாளில் ஷாருக் கானின் 'வீர்-ஸாரா'வும் வந்தது. அந்தப் போட்டியிலும் தாத்தா படம் 25 வாரம் ஓடியது. விமர்சகர்களில் ஒரு சாரார் ஒளிப்பதிவாளர் ஆர்.டி. மாத்தூரின் ஒளியும் நிழலும் பாழானதாக வருந்தினார்கள். நான் அந்தக் கட்சி. நிழலில் பாதி முகம் மறைந்த மதுபாலாவுக்கு எந்த வண்ணமும் தேவைப்படவில்லை. ஆனால் அந்தப் பதிப்பு இல்லாவிட்டால் ஒரு தலைமுறை இந்தப் படத்தைப் பெரிய திரையில் பார்த்தே இருக்காது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

2006-ல் அது பாகிஸ்தான் தியேட்டர்களுக்கும் போனது. 1965 போருக்குப் பிறகு இந்தியப் படங்களுக்கு அங்கே தடை இருந்தது. அனார்கலியின் கல்லறை என்று லாகூரில் ஒரு கட்டடத்தைக் காட்டுவார்கள். அந்த ஊர்க்காரர்கள் திரையில் அவளைப் பார்க்க 46 வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது.

● ரசிகர்கள் முணுமுணுத்ததால் ஒரு காட்சியே மாறியது, தெரியுமா?

குரு தத் குடும்பமும் மாட்டுங்காவில் வாழ்ந்ததுதான். அவர் தயாரித்து அப்ரார் அல்வி இயக்கிய 'சாஹிப் பீபி ஔர் குலாம்' 1962-ல் வந்தது. வங்காள ஜமீன் வீடு ஒன்று சரியும் காலத்துக் கதை. கணவனை வீட்டில் நிறுத்திவைக்கக் குடிக்கப் பழகும் சின்ன மருமகளாக மீனா குமாரி.

லேமிங்டன் ரோடு மினர்வா தியேட்டரில் குரு தத் சனங்களோடு உட்கார்ந்து பார்த்தார். வண்டியில் போகும்போது அவள் நண்பன் பூத்நாத்தின் மடியில் தலை சாய்க்கும் இடத்தில் அரங்கம் நெளிந்தது. கல்யாணமான பெண் வேற்று ஆண் மடியிலா என்ற கோபம். குரு தத் அந்தக் காட்சியையும் அதோடு வந்த பாட்டையும் எடுத்துவிட்டு வேறு படம்பிடித்துச் சேர்த்தார். முடிவை மகிழ்ச்சியாக மாற்றச் சொல்லி ஒரு நண்பர் யோசனை சொன்னார். சொன்னவர் யார் தெரியுமா? கே. ஆஸிப்! குரு தத் கொஞ்சம் ஆடிப்போனார். நாவலாசிரியர் பிமல் மித்ராவைக்கூட அதற்காக வரவழைத்தார். பிறகு மனம் திரும்பி, முடிவைத் தொடமாட்டேன் என்று நின்றுவிட்டார். சனங்களுக்கு எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இந்தப் பத்தியில் வரும் எல்லாரிலும் நான் அதிகம் மதிக்கும் முடிவு இதுதான்.

அந்தப் படம் ஜனாதிபதி வெள்ளிப் பதக்கம் வாங்கியது, பெர்லின் விழாவுக்கும் போனது. அந்த ஆண்டு ஃபிலிம்ஃபேர் சிறந்த நடிகைப் பட்டியலில் இருந்த மூன்று பெயரும் மீனா குமாரிதான், மூன்று வெவ்வேறு படங்களுக்கு.

● ஆறிக் கிடந்த படத்தைச் சாவுச் செய்தி தூக்கி நிறுத்தியது, தெரியுமா?

'பாகீஸா'. முகல்-ஏ-ஆஸமுக்கு வசனம் எழுதிய நால்வரில் ஒருவரான கமால் அம்ரோஹி, மனைவி மீனா குமாரிக்காக 1950-களில் தொடங்கிய படம். நடுவில் இருவரும் பிரிந்தார்கள், படப்பிடிப்பு வருஷக்கணக்கில் நின்றது. ஒளிப்பதிவாளர் யோசப் விர்ஷிங் 1967-ல் இறந்தார். இசையமைப்பாளர் குலாம் முகமது 1968-ல் இறந்தார், மிச்சத்தை நௌஷாத் முடித்தார். 1972 பிப்ரவரி 4 அன்று, அதே மராட்டா மந்திரில் திறப்பு விழா கண்டு வெளியானது. விமர்சனங்களில் பெரிய உற்சாகம் இல்லை. மார்ச் 31-ல் மீனா குமாரி கண்ணை மூடினார். அதன்பின் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். திரையில் இருந்தது படத்தின் நாட்டியக்காரி சாஹிப்ஜானா, விடைபெற்றுப் போன மீனாவா என்று பிரித்துப் பார்க்க முடியாத கூட்டம் அது.

விருதுக்காரர்கள் அப்போதும் இளகவில்லை. ஃபிலிம்ஃபேரில் கலை இயக்கத்துக்கு மட்டும்தான் பரிசு. சிறந்த நடிகை நம் ஹேமமாலினி, 'சீதா ஔர் கீதா'வுக்கு. இசை விருது 'பே-இமான்' படத்துக்குப் போனதும் ஒரு மனிதர் எழுந்தார். அதே 'பே-இமான்' படத்துக்காகத் துணை நடிகர் விருது பெற வேண்டிய பிராண். குலாம் முகமதுக்குச் சேர வேண்டிய விருது இது என்று சொல்லித் தன் விருதை மறுத்துவிட்டார். போய்ச் சேர்ந்துவிட்ட ஒருவருக்காகத் தன் கைக்கு வந்ததை வேண்டாம் என்ற பிராண், திரையில் மட்டும்தான் வில்லன்.

● விருது மறுப்பதில் பிராணுக்கு முன்னோடி ஒரு தமிழ்ப் பெண், தெரியுமா?

திருவல்லிக்கேணி வைஜயந்திமாலா. பிமல் ராயின் 'தேவதாஸ்' (1955) படத்துச் சந்திரமுகிக்குத் துணை நடிகை விருது கொடுத்தார்கள். பாரோவுக்கு இணையான நாயகி நான், துணை இல்லை என்று திருப்பிவிட்டார். ஃபிலிம்ஃபேரை அப்படி மறுத்த முதல் கலைஞர் அவர்தான்.

அவரே 1966-ல் 'ஆம்ரபாலி' ஆக நடித்தார். வைசாலி நகரத்து நடனக்காரிக்கும் மகத மன்னன் அஜாதசத்ருவுக்கும் காதல். இந்தியாவின் சார்பில் ஆஸ்கருக்குப் போன படம், பானு அதையாவின் உடைகள் இன்றும் பேசப்படுகின்றன. டிக்கெட் கவுண்டரில் கூட்டம் இல்லை. அந்தத் தோல்வியில் அவருக்கு சினிமாவே கசந்தது. அடுத்த சில வருஷத்தில் விலகியும் விட்டார். சனங்கள் கைவிட்ட படத்துக்கு ஒரு நடிகையின் வாழ்க்கைத் திசையை மாற்றும் பலமும் இருக்கிறது.

● எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் இயக்கிய 'அம்பிகாபதி' (1937) 52 வாரம் ஓடியது, தெரியுமா?

கம்பர் மகனாக எம்.கே. தியாகராஜ பாகவதர், சோழ இளவரசியாக எம்.ஆர். சந்தானலட்சுமி. டங்கனுக்குத் தமிழ் தெரியாது, ரோமியோ-ஜூலியட் தெரியும். காதல் காட்சிகளை அதிலிருந்து எடுத்துக்கொடுத்தார். சனங்களுக்கு எங்கிருந்து வந்தது என்பதில் அக்கறை இல்லை, பாகவதர் பாடினால் போதும்.

● மும்பையையே இலங்கையில் கட்டினார்கள், தெரியுமா?

2015-ல் வந்த 'பாம்பே வெல்வெட்' 1960-களின் பம்பாயில் ஒரு குத்துச்சண்டைக்காரனும் ஒரு பாடகியும் காதலிக்கும் கதை. பழைய பம்பாய் இப்போதைய பம்பாயில் கிடைக்காததால் இலங்கை இரத்மலானையில் தெருக்களை எழுப்பினார்கள். நாயகன் ரன்பீர் கபூர், பிருத்விராஜின் கொள்ளுப்பேரன். அமித் திரிவேதியின் இசையை எல்லாரும் புகழ்ந்தார்கள். படத்தை விமர்சகர்களும் கைவிட்டார்கள், சனங்களும் கைவிட்டார்கள். இரண்டு நீதிமன்றமும் ஒத்துப்போன அபூர்வ வழக்கு. பாட்டுகளையாவது தேடிக் கேளுங்கள்.

● 'மதராசபட்டினம்' படத்தை விமர்சகர்கள் எதோடு ஒப்பிட்டார்கள், தெரியுமா?

2010 ஜூலையில் வந்தது. சலவைத் தொழிலாளி பரிதிக்கும் கவர்னர் மகளுக்கும் சுதந்திரத்துக்கு முன்பு காதல். முதுமையில் அந்தப் பெண் சென்னைக்குத் திரும்பி வந்து பழசை நினைப்பதாகக் கதை நகர்வதால் 'டைட்டானிக்' சாயல் என்று எழுதினார்கள். சாயல் இருக்கிறது. ஆனால் வி. செல்வகுமாரின் கலை இயக்கத்தில் டிராம் ஓடும் தெருவும், தெளிந்த கூவமும், பழைய சென்ட்ரல் நிலையமும் திரையில் எழுந்தபோது, இழந்த ஊர் ஒன்று கண்முன் வந்தது. நன்றாகவே ஓடியது. ஊரை விட்டு வந்து வாழும் தமிழனுக்கு அந்தக் கூவம் போதும்.

மணிரத்னத்தின் 'காற்று வெளியிடை' (2017) வேறு கதி. 1999 கார்கில் போர்க் காலம், விமானப்படை வீரன் வருண், மருத்துவர் லீலா. ஒளிப்பதிவையும் இசையையும் கொண்டாடிய அதே வாயால், காதலியை அவமதித்துவிட்டுத் திரும்ப வந்து நிற்பவனை ஏன் மன்னிக்க வேண்டும் என்று ரசிகர்கள், முக்கியமாகப் பெண்கள், கேட்டார்கள். ரஹ்மானுக்குத் தேசிய விருது கிடைத்தது. அந்தக் கேள்விக்கு இன்னும் சரியான பதில் கிடைக்கவில்லை. அது கேட்க வேண்டிய கேள்வி.

● மும்பைக்கு ஐமேக்ஸை முதலில் கொண்டுவந்தது வடாலாதான், தெரியுமா?

2001-ல், பக்தி பார்க்கில், கவிழ்த்த அரைக்கோள வடிவத் திரையோடு. தமிழ்ப் படம் ஒன்று ஐமேக்ஸ் வடிவில் வர மேலும் 21 வருஷம் ஆயிற்று. அது 'பொன்னியின் செல்வன்' முதல் பாகம், 2022 செப்டம்பர் 30. நந்தினிக்கும் ஆதித்த கரிகாலனுக்கும் இடையில் எரியும் பழைய காதல்தான் அந்தக் கதையின் அடிநெருப்பு.

இந்தப் படத்துக்கு மூன்றாவது நீதிமன்றம் ஒன்றும் இருந்தது. எழுத்தாளர் கல்கியின் நாவல் 1950 முதல் 'கல்கி' இதழில் தொடராக வந்தபோது படித்தவர்கள், அவர்களிடமிருந்து பைண்டு செய்த புத்தகத்தை வாங்கிப் படித்த பிள்ளைகள், பேரப் பிள்ளைகள். இந்தி ரசிகர்கள் பெயர்கள் குழப்புவதாகச் சொன்னார்கள். தமிழ் வாசகர்கள் ஒவ்வொரு பாத்திரத்தையும் நெருக்கமாக அறிந்தவர்கள். முதல் பாகம் 500 கோடி ரூபாய் அளவுக்கு வசூலித்து, சிறந்த தமிழ்ப் படம் உட்பட நான்கு தேசிய விருது வாங்கியது. 2023 ஏப்ரலில் வந்த இரண்டாம் பாகம் கல்கியை விட்டு விலகிப்போன இடங்களில் இந்த வாசகர்கள் சும்மா இருக்கவில்லை. திரிஷாவின் குந்தவையையும் ஐஸ்வர்யா ராயின் நந்தினியையும் மறந்து, நாவலில் இப்படி இல்லையே என்று வாதாடினார்கள். என் கட்சி என்ன என்று கேட்டால், கரிகாலனும் நந்தினியும் நேருக்கு நேர் நிற்கும் அந்தக் கடம்பூர் மாளிகைக் காட்சிக்காக மணிரத்னத்தை மன்னிப்பேன். ஊமை ராணி மந்தாகினி விஷயத்தில் மட்டும் நான் கல்கி பக்கம்.